பேராசிரியர் பெயருக்குப் பின்னால்: அயோவா பயணக் குறிப்புகள்

திங்கள், டேவன்போர்ட்

சிகாகோவில் இருக்கும் அக்கா ஒரு வாரம் லீவு போட்டு வண்டியை எடுத்ததால்தான் இந்தப் பயணம் நடக்கிறது. காலையில் கிளம்பி மேற்கே மூன்று மணி நேரம் வந்தால் மிசிசிப்பி ஆறு. பாலத்தைத் தாண்டினால் அயோவா மாநிலம், முதல் ஊர் டேவன்போர்ட்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். வீட்டில் பணக்கஷ்டம் வந்தால் பிள்ளை ஏன் மாறிப்போகிறான், யாராவது ஒருவர் பாசமாகப் பார்த்துக்கொண்டால் ஏன் தேறிவிடுகிறான் என்று நாங்கள் பேசும்போது கைகொடுக்கும் அடிப்படையான புரிதல்கள் சில, இந்த மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களில் உருவானவை. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் தலைப்புக்குக் கீழே நான்கைந்து பேராசிரியர் பெயர் இருக்கும். அந்தப் பெயர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் போனது ஈஸ்டர்ன் அவென்யூவில் இருக்கும் பழைய அனாதை இல்ல வளாகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் இது. பிற்பாடு ஆன்னி விட்டன்மயர் இல்லம் என்று பெயர் மாறி, 1975-ல் மூடப்பட்டது. சின்னச் சின்னச் செங்கல் வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. வளாகத்தில் இப்போது நகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது. அக்டோபர் என்பதால் தண்ணீர் இல்லை.

1930-களில் ஹரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் இங்கே வேலை பார்த்தார். அயோவா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் நல ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். கைக்குழந்தைகள் இருந்த கூடத்தை அவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் மனசு கனத்துவிடும். தொட்டிலின் பக்கங்களில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். அடுத்த தொட்டிலில் இருக்கும் குழந்தையின் முகம்கூடத் தெரியாது. பால் கொடுக்க, துணி மாற்ற ஒருவர் வருவார், போவார். தேற வழியில்லை என்று முடிவுகட்டிய இரண்டு பெண் குழந்தைகளை, மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து ஸ்கீல்ஸ் அங்கே போனபோது அந்த இருவரும் ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்கள் அவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேசி, கொஞ்சி வளர்த்திருந்தார்கள்.

அதைப் பார்த்த பிறகு 13 குழந்தைகளை அதே மாதிரி விடுதிக்கு அனுப்பினார். இல்லத்திலேயே தங்கிப்போன 12 பேரையும் கவனித்து வந்தார். 1939-ல் முடிவுகள் வந்தபோது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் உள்ளிட்ட பெரிய தலைகள் ஏற்கவில்லை. அறிவு பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும் என்று நம்பிய காலம் அது. 1966-ல் ஸ்கீல்ஸ் அந்த 25 பேரும் பெரியவர்களாகி என்ன ஆனார்கள் என்று தேடிப்பிடித்து எழுதினார். 13 பேரும் சொந்தக்காலில் நின்றார்கள். தங்கிப்போன 12 பேரில் ஒருவர் வளரிளம் வயதிலேயே விடுதியில் இறந்திருந்தார், நான்கு பேர் அப்போதும் விடுதிகளில்தான் இருந்தார்கள்.

ஆய்வின் பேர் ஸ்கீல்ஸுக்கு. ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தேற்றியவர்கள், 'புத்தி போதாதவர்கள்' என்று அரசாங்கமே முத்திரை குத்திப் பூட்டி வைத்திருந்த பெண்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை.

இதே இல்லத்தில் 1939-ல் இன்னொரு வேலையும் நடந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயமாக இருக்காது. அயோவா பல்கலைக்கழகத்தின் பேச்சுத்துறையைச் சேர்ந்த வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில், 22 அனாதைப் பிள்ளைகளை வைத்துத் திக்குவாய் பற்றிச் சோதனை செய்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம், 'உனக்குத் திக்குகிறது, சரியாகப் பேச வராவிட்டால் வாயைத் திறக்காதே' என்கிற மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எதற்காக என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். 2001-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் எழுபதைத் தாண்டியிருந்தார்கள்.

"அம்மா அப்பா இருந்திருந்தா யாராவது இப்படிச் செஞ்சிருப்பாங்களாடா?" என்று அக்கா கேட்டார். செய்திருக்க மாட்டார்கள். அனாதை இல்லத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, தட்டிக்கேட்க ஆளில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், அயோவா சிட்டி

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் பகல் முழுவதும் கழிந்தது. பையை வெளியே வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான். ஆய்வு நிலையத்தின் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் உயரம், எடை, எலும்பு வளர்ச்சி என்று அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நல்ல உடல்நலத்தோடு வளரும் பிள்ளை எப்படி வளர்கிறது என்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அதுவரை நோயாளிக் குழந்தையைத்தான் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது.

உளவியலாளர் கர்ட் லெவின் இங்கே 1935-லிருந்து 1944 வரை இருந்தார். ஹிட்லர் வந்ததும் பெர்லினை விட்டு வந்த யூதர். அவருடைய அம்மா நாஜி முகாமில் கொல்லப்பட்டார். அவரும் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற இளம் ஆய்வாளர்களும் பத்துப் பதினோரு வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்து, பள்ளி விட்டதும் முகமூடி செய்வது மாதிரிக் கைவேலைகளில் உட்கார வைத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் உத்தரவாகச் சொல்வார். இன்னொருவர் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார். பையன்கள் அடுத்தவன்மேல் பாய்கிறார்களா, தலைவர் வெளியே போனதும் வேலை நடக்கிறதா என்று திரைக்குப் பின்னாலிருந்து சிலர் நிமிடம் தவறாமல் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. கலந்து பேசும் தலைவராக இருக்க வேண்டிய ரால்ஃப் ஒயிட் பையன்களை அப்படியே விட்டுவிட்டார். ஆளாளுக்கு ஒன்றைச் செய்ய, குழு கலகலத்துப் போனது. இது தோல்வி என்று லெவின் அந்தப் பதிவைத் தூக்கிப்போடவில்லை. இதுவும் ஒருவகைத் தலைமைதான், தனியாகக் கவனிக்க வேண்டும் என்றார். ஆய்வில் மூன்றாவது வகை சேர்ந்தது இப்படித்தான். கண்டிப்பது, கலந்து பேசுவது, கண்டுகொள்ளாமல் விடுவது என்று இன்று பெற்றோர் கூட்டங்களில் நாங்கள் பிரித்துப் பேசும்போது அந்தப் பையன்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

1974-ல் நிலையம் மூடப்பட்டது.

புதன், டி மொய்ன்

மழை. மாநிலத் தலைநகர், தங்க முலாம் பூசிய குவிமாடம் கொண்ட சட்டமன்றக் கட்டடம். மேலே ஏறிப் பார்க்கவில்லை.

இந்த ஊர்க்காரர்தான் கோரா பஸ்ஸி ஹில்லிஸ். பெற்ற பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்த அம்மா. பேராசிரியர் இல்லை, டாக்டர் இல்லை. மக்காச்சோளத்தையும் பன்றியையும் ஆராய்ந்து மேம்படுத்த மாநிலம் பணம் ஒதுக்குகிறது, பிள்ளைகளை ஆராய ஏன் ஒதுக்கக்கூடாது என்று கேட்டார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் பெண்கள் சங்கங்களிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நடையாய் நடந்தார். 1917-ல் சட்டம் நிறைவேறி, வருடத்துக்கு 25,000 டாலர் ஒதுக்கினார்கள். நேற்று நான் பெட்டி பெட்டியாகப் பார்த்த நிலையம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் இந்த வகையில் அதுதான் முதல்.

மதியமே வடக்கே கிளம்பிவிட்டோம்.

வியாழன், ஏம்ஸ்

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு, அயோவா பல்கலைக்கழகம் வேறு. ஏம்ஸில் இருப்பது அயோவா ஸ்டேட், 1858-ல் விவசாயக் கல்லூரியாகத் தொடங்கியது. இன்றைக்கும் வளாகத்தில் கால்நடை, பயிர், மண் என்றுதான் அதிகம் காதில் விழுகிறது. குடும்ப ஆய்வு இங்கே வேர் பிடித்ததற்கும் விவசாயம்தான் காரணம்.

1970-களில் அயோவா நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. அப்புறம் வட்டி எகிறியது, சோவியத்துக்குத் தானியம் விற்கத் தடை வந்தது, விளைச்சலுக்கு விலை விழுந்தது. 1981-ல் சராசரியாக 2,147 டாலருக்கு விற்ற ஏக்கர் 1986-ல் 787 டாலர். நிலத்தை நம்பி வாங்கிய கடன் அப்படியே நிற்க, நிலம் மூன்றில் ஒரு பங்கு மதிப்புக்கு வந்துவிட்டது. பரம்பரைப் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. சின்ன ஊர்களின் மெயின் ரோட்டில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

அந்த நேரத்தில்தான் இங்கே சமூகவியலாளர் ராண்ட் காங்கரும், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியிருந்த கிளென் எல்டரும் கைகோத்தார்கள். 1989-ல் வட-மத்திய அயோவாவின் எட்டுக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 451 குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் அம்மா, அப்பா, ஏழாம் வகுப்புப் பிள்ளை, அதன் வயதை ஒட்டிய உடன்பிறப்பு ஒன்று. எல்லாரும் வெள்ளைக்காரர்கள், இந்தக் கிராமங்கள் அப்படி. அந்தக் குறையை உணர்ந்து 1990-களின் பிற்பகுதியில் அயோவாவிலும் ஜார்ஜியாவிலும் 800-க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்களோடு இன்னொரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார்கள்.

கேள்வித்தாளோடு நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வு இவ்வளவு பேசப்பட்டிருக்காது. வீட்டுக்கே போய், மேசையைச் சுற்றி நால்வரையும் உட்கார வைத்து, கேமராவை முடுக்கிவிட்டார்கள். கேள்விகள் எழுதிய அட்டைக் கட்டு நடுவில் இருக்கும். 'வீட்டு வேலையை யார் யார் செய்கிறீர்கள்?' என்கிற மாதிரி. ஒருவர் அட்டையை வாசிக்க, எல்லாரும் பேச வேண்டும். நேர்காணலுக்கு வந்தவர் காது எட்டாத இன்னொரு அறைக்குப் போய்விடுவார். முதல் ஐந்து நிமிடம் கேமராவுக்காகப் பேசுவார்கள், அதற்கப்புறம் வழக்கமான வீடு வெளியே வந்துவிடும்.

அந்த மாதிரிப் பதிவுகளுக்கு மதிப்பெண் போடும் வேலையை மாணவப் பருவத்தில் பார்த்த ஒருவரை இன்று சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார். பதிவு எதையும் காட்டவில்லை, காட்டவும் கூடாது. ஆனால் வேலை எப்படி என்று மணிக்கணக்கில் சொன்னார். உட்காருவதற்கு முன்னால் சுமார் 200 மணி நேரம் பயிற்சி. எழுத்துத் தேர்வு, பார்த்து மதிப்பிடும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். கோபம், பாசம், காதுகொடுத்துக் கேட்பது, பிள்ளையைக் கண்காணிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். ஒரு பதிவை ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். பல பதிவுகளை இன்னொருவரும் தனியாகப் பார்ப்பார். இருவர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

"கத்துவது சுலபம், யார் காதிலும் விழும்" என்றார் அவர். "மகன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அப்பா அட்டையைப் பார்த்தபடியே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பையன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவான். அதைப் பிடிக்கத்தான் அத்தனை பயிற்சியும்."

சில பதிவுகளைப் பார்த்த நாட்களில் வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் செய்வாராம்.

இவர்கள் போட்ட எண்களிலிருந்துதான் எங்கள் துறையில் எல்லாரும் அறிந்த அந்தச் சங்கிலி தெரியவந்தது. கடன் நேராகப் பிள்ளையைத் தொடுவதில்லை. கட்ட வேண்டிய பில் நிற்கிறது என்ற அழுத்தம் அப்பா அம்மாவின் மனசை முதலில் உடைக்கிறது. இருவருக்கும் சண்டை வருகிறது, பிள்ளையிடம் காட்டும் முகம் கடுமையாகிறது. பிள்ளை சோர்ந்து போவதும் முரண்டு பிடிப்பதும் அதற்கப்புறம்தான். இதைத் தெரிந்துகொண்டதால் எனக்குக் கிடைத்த லாபம் பெரியது. ஒரு குடும்பத்தின் கடனை என்னால் அடைக்க முடியாது. ஆனால் அந்தச் சங்கிலியில் நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு கண்ணியில் கைவைக்க முடியும்.

வெள்ளி, கிளாரியன் போகும் வழியில்

ஏம்ஸிலிருந்து வடக்கே போனால் நிலம் பலகை மாதிரித் தட்டை. மைலுக்கு ஒரு சரளைக்கல் சாலை, நேர்கோட்டில். அறுவடை நேரம் என்பதால் மக்காச்சோள வயலில் ராட்சத இயந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். அக்கா இரண்டு தடவை வழியை விட்டுவிட்டார், திரும்பக்கூட இடமில்லாமல் அடுத்த குறுக்குச் சாலை வரை போக வேண்டியதாயிற்று.

இந்தச் சாலைகளில் பனிக்காலத்திலும் வண்டி ஓட்டிக்கொண்டு போய்த்தான் குடும்பங்களைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் நேர்காணல் வேலை பார்த்த ஒரு பெண்மணி இப்போது ஓய்வில் இருக்கிறார். சமையலறையில் உட்கார வைத்துப் பேசினார். தானும் பண்ணையில் பிறந்தவர். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் இரண்டு முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஆகும். அறுவடை சமயத்தில் அந்த இரண்டு மணி நேரம் யாரிடமும் இருக்காது. "இரவு ஒன்பது மணிக்கு வாருங்கள் என்பார்கள். போவேன். கணக்கு வழக்கைக் கேட்கும் பக்கம் வரும்போது பேனா நின்றுவிடும். எத்தனை கடன், எதை விற்றீர்கள், சாப்பாட்டுச் செலவைக் குறைத்தீர்களா? பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட அவர்கள் சொல்லாத விஷயம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்."

"இத்தனை வருஷம் அந்தக் குடும்பங்க எப்படித் தொடர்ந்து வீட்டுக்குள்ள விட்டாங்க?" என்று அக்கா என்னிடம் தமிழில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துச் சொன்ன பதில்: போன தடவை நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால், இந்தத் தடவை முதலில் அதைக் கேட்க வேண்டும்.

இது முறைப்படி எங்கும் எழுதியிருக்காது. ஆனால் நெடுங்கால ஆய்வு என்றாலே எவ்வளவு பேர் நடுவில் விலகாமல் நிற்கிறார்கள் என்பதுதான் உயிர்நாடி. வீடு மாறியவரின் புது முகவரியைத் தேடுவது, கல்யாணமாகிப் பெயர் மாறிய பெண்ணைக் கண்டுபிடிப்பது, விவாகரத்தான அப்பாவுக்குத் தனியாகக் கடிதம் போடுவது எல்லாம் அலுவலகத்தில் யாரோ ஒருவர் விடாமல் செய்த வேலை. அதனால்தான் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்து, துணையைத் தேடி, பிள்ளை பெற்ற பிறகும் ஆய்வு நிற்கவில்லை. மூன்றாம் தலைமுறைக்கும் போனது. குட்டிக் குழந்தையிடம் அதன் வயசுக்குக் கொஞ்சம் கஷ்டமான புதிர்ப்பலகையைக் கொடுப்பார்கள். குழந்தைதான் செய்ய வேண்டும், ஆனால் தேவைப்பட்டால் உதவலாம் என்று பெற்றவரிடம் சொல்வார்கள். துண்டைப் பிடுங்கித் தானே பொருத்துகிறாரா, 'இந்தப் பக்கம் திருப்பிப் பாரு' என்கிறாரா என்று கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெற்றவர் தன் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இதே ஆய்வின் கேமரா முன்னால் தன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்தவர். பதின்வயதில் வீட்டில் பார்த்த பாசமும் கடுமையும் எவ்வளவு தூரம் அடுத்த தலைமுறைக்கு வருகிறது என்பதை, நினைவிலிருந்து சொல்லச் சொல்லாமல், பதிவோடு பதிவை வைத்துப் பார்க்க முடிந்தது இதனால்தான். நேர்காணல் செய்தவர்கள் பெயரும் மதிப்பெண் போட்டவர்கள் பெயரும் கட்டுரையின் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளாரியனில் ஃபோர்-எச் பள்ளிக்கூட அருங்காட்சியகம் பூட்டியிருந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்கக் கிராமப் பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் இயக்கம் ஃபோர்-எச். அதன் நாலிலைச் சின்னம் இந்தக் கவுண்டிப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கல்வி அதிகாரிக்குக் கொடுத்த நாலிலைக் கொத்திலிருந்து வந்தது என்பது ஊரின் பெருமை.

சனி, மீண்டும் ஏம்ஸ்

காலையில் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியில் குடும்ப வகுப்பு நடத்தும் ஒருவரோடு பேசினேன். கண்டுபிடித்ததைக் கட்டுரையாக நிறுத்தாமல் ஊருக்குள் கொண்டுபோகும் ஆட்கள் இவர்கள். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் 'குடும்பங்களை வலுப்படுத்துதல்' என்று ஒரு திட்டம். யூட்டாவில் தொடங்கியதை 1990-களின் ஆரம்பத்தில் இங்கே மாற்றி எழுதினார்கள். இதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்போத் குழுவினர் அயோவா கிராமப்புறத்தில் 33 பள்ளிகளில் சோதித்தார்கள். இத்திட்டத்தில் இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் குடி, சிகரெட் தொடங்குவது தள்ளிப்போனது. பிற்பாடு அயோவாவில் 14, பென்சில்வேனியாவில் 14 என்று 28 ஊர்களில் உள்ளூர்க் குழுக்களே நடத்தும்படி விரித்தார்கள்.

ஏழு வாரம், வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் ஓர் அறையில். இரண்டாவது மணி நேரம் எல்லாரும் ஒரே அறையில். பெற்றோர் பக்கம் பாடம் அன்பும் வரம்பும்: இரண்டும் சேர்ந்து வேண்டும், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை விட முடியாது. பிள்ளைகள் பக்கம், பெற்றவர்களுக்கும் அழுத்தம் உண்டு என்று புரிய வைப்பார்கள். வியாழக்கிழமை கேட்ட சங்கிலியை இந்த அறையில் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது.

எது கஷ்டம் என்று கேட்டேன். பாடம் நடத்துவது இல்லையாம், வரவழைப்பதுதானாம். அதனால் சாப்பாடு போடுகிறார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறார்கள். வண்டி இல்லாதவர்களைக் கூட்டிவர ஏற்பாடு செய்கிறார்கள். அப்பாக்கள் முதல் வாரம் வாசல் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள், மூன்றாவது வாரம் பேசுவார்கள். "மூன்றாவது வாரம் வரை அவர்களை வர வைத்துவிட்டால் போதும்" என்றார்.

அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. ஒன்பது குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன, பிள்ளைகள் பக்கம் நடத்த இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அவர் போனை எடுத்து, தெரிந்த ஆசிரியர்களில் அடுத்தவரை அழைத்தார். நாங்கள் விடைபெற்றுக்கொண்டோம். சிகாகோவுக்கு ஆறு மணி நேர ஓட்டம் இருக்கிறது.